கூண்டில் பார்ப்பது பாதிதான்

விலங்குக் காப்பகத்தில் தத்தெடுக்கப் போகிறோம், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று யாராவது கேட்டால், நான் சொல்லும் பதில் பெரும்பாலும் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. நாயையோ பூனையையோ பார்ப்பதற்கு முன்னால், அதற்குச் சாப்பாடு வைத்துக் கூண்டைக் கழுவுகிறவரைத் தேடிப் பிடியுங்கள் என்பேன். அவர்கள் எதிர்பார்ப்பது வேறு. வாலை ஆட்டுகிறதா, கண்ணைப் பார்க்கிறதா, கை நீட்டினால் முகர்கிறதா என்ற மாதிரியான அடையாளங்களை நான் சொல்வேன் என்று நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் இப்போது காப்பகத்திலிருந்து தத்தெடுத்த ஒரு நாயும் ஒரு பூனையும் இருக்கின்றன. இரண்டுமே அந்த அடையாளங்களில் ஒன்றைக்கூடக் காட்டாதவை.

காப்பகம் என்பது எவ்வளவு நல்லவர்கள் நடத்தினாலும் சத்தமான இடம். ஒரு நாய் குரைத்தால் வரிசை முழுக்கக் குரைக்கும், சுவரும் தரையும் அதைத் திருப்பி அடிக்கும். நாய்க் கூடங்களில் அளந்து பார்த்தவர்கள் 100 டெசிபலுக்கு மேல் பதிவு செய்திருக்கிறார்கள். தொடர்ந்து கேட்டால் நமக்கே காது கெடும் அளவு அது. நம்மைவிட நுட்பமாகக் கேட்கும் பிராணிக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தச் சத்தத்துக்குள் புதிது புதிதாக மனிதர்கள் வந்து கம்பிக்கு வெளியே நின்று உற்றுப் பார்க்கிறார்கள். சில நாய்கள் கம்பிமேல் பாய்ந்து குரைக்கும். சில பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். பார்க்கிறவர் முதலாவதை முரடு என்றும் இரண்டாவதை சாது என்றும் எழுதிக்கொண்டு போய்விடுவார். பரீட்சை அறை வாசலில் நிற்கிற பிள்ளையைப் பார்த்து அதன் குணத்தைச் சொல்வது மாதிரிதான் இதுவும். பாய்கிற நாய் ஆள் பக்கத்தில் வர வேண்டும் என்ற தவிப்பில் பாய்ந்திருக்கலாம். அசையாத நாய் பயத்தில் உறைந்துபோய்க் கிடக்கலாம்.

நாம் ஒதுக்கும் நேரமும் குறைவு. 2014-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், தத்தெடுக்க வந்தவர்கள் கூண்டுக்கு வெளியே நாயோடு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள், எதைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள் என்று கவனித்தார்கள். சராசரியாக 8 நிமிடம்தான். நாய் செய்த எத்தனையோ விஷயங்களில் இரண்டே இரண்டுதான் முடிவைப் பாதித்தனவாம்: வந்தவர் விளையாடக் கூப்பிட்டபோது நாய் கண்டுகொள்ளாமல் போனதா, அவர் பக்கத்தில் வந்து படுத்ததா. பத்துப் பன்னிரண்டு வருடம் கூட வாழப்போகிற உயிரை அந்த எட்டு நிமிடத்தில் தேர்ந்தெடுக்கிறோம். செருப்பு வாங்கக்கூட இதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்கிறவன் நான்.

எங்கள் கதையில் அந்த எட்டு நிமிடத்தைக் காப்பாற்றியவர் அங்கே கூண்டு கழுவும் அக்கா. நானும் மனைவியும் முதல் வரிசையில் ஒரு துறுதுறுப்பான இளம் நாயின் முன்னால் நின்று உருகிக்கொண்டிருந்தோம். கையில் தண்ணீர்க் குழாயோடு வந்த அவர் கேட்டது ஒரே கேள்வி. "வீட்ல பகல்ல யாரு இருப்பாங்க தம்பி?"

அம்மா எப்போதும் இருப்பார், நானும் வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறேன் என்றேன். ஓட்டம், நடை எல்லாம் எப்படி என்று மேலே கேட்டார். காலையும் மாலையும் நடப்போம், ஓடுவதெல்லாம் இல்லை என்றாள் என் மனைவி. அவர் குழாயை மூடிவிட்டு, "அப்போ இது வேணாம். இது ஓடுற வீட்டுக்குப் போகணும். உங்களுக்கு நான் ஒண்ணு காட்டுறேன், ஆனா கூண்டுல பாக்காதீங்க. நான் கழுவ உள்ள போறப்போ தள்ளி நின்னு பாருங்க" என்றார்.

அவர் காட்டியதுதான் டைகர். வயது ஐந்திலிருந்து ஏழுக்குள் இருக்கலாம் என்று பல்லைப் பார்த்துக் கணித்திருந்தார்கள். பழுப்பு நிறம், ஒரு காது மடிந்திருக்கும். பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லை, எங்களைப் பார்த்ததும் மூலைக்குப் போய்விட்டான். அக்கா உள்ளே போனதும் எழுந்து வந்தான். அவர் தரையைத் தேய்க்கத் தேய்க்க, ஈரமில்லாத இடமாகப் பார்த்துப் பார்த்து நகர்ந்து, அவர் முழங்காலுக்குப் பக்கத்திலேயே நின்றான். வாளியை நகர்த்தும் சத்தத்துக்குத் திடுக்கிட்டான், ஓடவில்லை. அவர் அவன் பாதத்தைத் தூக்கித் துடைத்தபோது பேசாமல் கொடுத்தான். கம்பிக்கு வெளியே நின்று மணிக்கணக்காகப் பார்த்திருந்தாலும் இதில் எதுவும் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

கூண்டில் தொங்கிய அட்டையில் 'ஒருமுறை திரும்பி வந்தது' என்று எழுதியிருந்தது. இந்த வரியைப் பார்த்ததும் பாதிப்பேர் அடுத்த கூண்டுக்குப் போய்விடுவார்களாம். எனக்கென்னவோ அந்த அட்டையிலேயே உருப்படியான வரி அதுதான் என்று தோன்றியது. ஒரு வீட்டில் வாழ்ந்து பார்த்த நாய் என்பதால் அதைப்பற்றிக் கேட்பதற்கு விஷயம் இருக்கிறது. ஏன் திரும்பி வந்தது என்று கேட்டோம். கணவனும் மனைவியும் காலையில் வேலைக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு திரும்பும் வீடு அது. டைகர் தனியாக இருக்கும்போது கதவைப் பிறாண்டி, சட்டத்தைக் கடித்து, ஊளையிட்டு அக்கம்பக்கத்தைக் கூட்டியிருக்கிறான். ஆட்கள் இருக்கும்போது எந்தத் தொல்லையும் இல்லை. அந்த வீட்டில் அது தீர்க்க முடியாத பிரச்சினை. பகலில் ஆள் இருக்கும் எங்கள் வீட்டில் அது சமாளிக்கக்கூடிய பிரச்சினை. நாய் ஒன்றுதான், வீடுதான் வேறு.

அட்டையில் இருந்த இன்னொரு வரியை அக்காவே நம்ப வேண்டாம் என்றார். 'லாப்ரடார் கலப்பு' என்று இருந்தது. கண்ணால் பார்த்து இனம் சொல்வது எந்த அளவுக்கு ஊகம் என்பதைப் பிறகு படித்தபோதுதான் அவர் சொன்னதன் பொருள் புரிந்தது. 2009-இல் வெளியான ஒரு ஆய்வில், குறிப்பிட்ட இனக் கலப்பு என்று தத்து மையங்கள் சொல்லியிருந்த 16 நாய்களுக்கு மரபணுப் பரிசோதனை செய்தார்கள். சொன்ன இனங்களில் ஒன்றாவது பரிசோதனையில் முதன்மை இனமாகத் தென்பட்டது 4 நாய்களில் மட்டுமே. அந்த ஊகத்தை வைத்துக்கொண்டு 'இந்த இனம் குழந்தைகளோடு நன்றாகப் பழகும்', 'இந்த இனம் ஆகாது' என்று நாம் கோட்டை கட்டுகிறோம்.

விண்ணப்பப் படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் நிறையப் பேர் கோபித்துக்கொண்டு திரும்புகிறார்கள். வாடகை வீடா, உரிமையாளர் சம்மதம் எழுத்தில் இருக்கிறதா, வீட்டில் எல்லோருக்கும் விருப்பமா, வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள், முன்பு வளர்த்த பிராணி என்ன ஆனது. வேலைக்கு நேர்முகத் தேர்வு மாதிரி இருக்கிறதே என்று எனக்கும் எரிச்சல் வந்தது. திரும்பி வரும் பிராணிகள் எந்தெந்தக் காரணத்தால் வருகின்றன என்று அங்கிருந்தவர்கள் சொன்னதைக் கேட்டபோது எரிச்சல் போய்விட்டது. வீட்டு உரிமையாளர் கூடாது என்றார், மாமியாருக்கு ஒவ்வாமை, குழந்தை பிறந்துவிட்டது, இடம் மாறுகிறோம். படிவத்தின் ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் திரும்பி வந்த ஒரு நாய் இருக்கிறது. இருந்தாலும் எனக்கு ஒரு குறை உண்டு. 'வேலைக்குப் போகிறவர்களுக்குத் தர மாட்டோம்', 'சுற்றுச்சுவர் இல்லாவிட்டால் கிடையாது' என்று எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வைக்கும் காப்பகங்களும் இருக்கின்றன. அந்தத் துறுதுறு நாய்க்குச் சுற்றுச்சுவரைவிட, தினமும் ஓடப்போகிற ஒரு ஆள்தான் தேவைப்பட்டிருக்கும்.

வீட்டுக்குக் கூட்டிவரும்போது அக்கா ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார். கழுத்துப்பட்டையில் ஒரு கயிறு, மார்புப்பட்டையில் இன்னொரு கயிறு, இரண்டையும் இரண்டு கையில் பிடிக்க வேண்டும். புது இடத்தில் பயந்த நாய் பின்பக்கமாக இழுத்தால் கழுத்துப்பட்டை காது வழியாக வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்றார். எங்கள் வாசலிலேயே அது நடந்தது. பக்கத்து வீட்டு இரும்புக் கதவு தடாரென்று சாத்தியது. டைகர் பின்னால் துள்ளினான், கழுத்துப்பட்டை வெறுமையாக என் கையில் தொங்கியது. இரண்டாவது கயிறு மட்டும் இல்லையென்றால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும். தத்தெடுத்த நாய்கள் தொலைந்துபோக ஆபத்து அதிகம் உள்ள காலம் அந்த ஆரம்ப நாட்கள்தான். வீடு எது என்று அதற்குத் தெரியாது, திரும்பி வரவும் தெரியாது. தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் போட்டிருக்கும் மைக்ரோசிப்பை நம்பியும் அசட்டையாக இருக்க முடியாது. அதில் இருப்பது ஒரு எண் மட்டும்தான். யாராவது பிடித்துக் கொண்டுபோய் ஸ்கேனரை வைத்தால்தான் அந்த எண் தெரியும், அந்த எண்ணுக்கு நேராக நம் தொலைபேசி எண் பதிவாகியிருந்தால்தான் பயன்.

வந்ததும் அவன் செய்த முதல் வேலை தூங்கியதுதான். விருந்தாளிகளைக் கூப்பிடாதீர்கள், குளிப்பாட்டாதீர்கள், ஒரு மூலையைக் கொடுத்துவிட்டு விடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சாப்பிட எழுவான், வெளியே போய் வருவான், மறுபடி தூங்குவான். உடம்பு சரியில்லையோ என்று நாங்கள் பயந்தோம். 2019-இல் லிசா கன்டர் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் ஐந்து காப்பகங்களில் 207 நாய்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று இதற்கு விளக்கம் தருகிறது. நாய்களை ஓரிரு இரவு யாராவது ஒருவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்கள். சிறுநீரில் மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசோல் அளவு வீட்டில் இருந்தபோது குறைந்தது, காப்பகத்துக்குத் திரும்பியதும் பழைய அளவுக்கே போனது. நீண்ட, கலையாத ஓய்வும் அவற்றுக்கு வீட்டில்தான் அதிகம் கிடைத்தது. டைகர் எத்தனை மாதத் தூக்கத்தைக் கடன் வைத்திருந்தானோ.

தத்தெடுப்பவர்களிடம் மூன்று-மூன்று-மூன்று என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அதிர்ச்சி அடங்க மூன்று நாள், வீட்டு நடைமுறை பிடிபட மூன்று வாரம், முழுக்க நம்மவராக மூன்று மாதம். ஆராய்ச்சியில் வந்த விதி இல்லை, அனுபவசாலிகளின் தோராயம். எல்லா நாயும் நாட்காட்டி பார்த்து நடக்காது. ஆனால் அந்தக் கணக்கு சொல்லவரும் விஷயம் ரொம்ப சரி: முதல் வாரத்து நாயைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதே.

ஒரு மாதம் ஆகும் வாக்கில் டைகர் குரைக்க ஆரம்பித்தான். அதுவரை அவன் குரலே எங்களுக்குத் தெரியாது. படியில் காலடி கேட்டால் குரைப்பு, குக்கர் சத்தத்துக்குக் குரைப்பு, தொலைக்காட்சியில் மாடு வந்தால் குரைப்பு. சோபாவில் ஏறினான். என் மனைவியின் செருப்பில் ஒன்றைத் தின்றான். "வேற நாயை மாத்திக் குடுத்துட்டாங்களா?" என்றாள் அவள். இந்தக் கட்டத்தில்தான் பலர் ஏமாந்துவிட்டதாக நினைத்துக் காப்பகத்துக்குப் போன் செய்கிறார்கள். பயத்தில் அடங்கிக் கிடந்த நாய்க்கு, இங்கே குரைத்தால் ஒன்றும் ஆகாது என்ற தைரியம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்காகக் குரைக்கட்டும் என்று விட்டுவிட முடியாது. காலடி கேட்டதும் எங்களிடம் வந்தால் தின்பண்டம் என்று பழக்கினோம். இப்போது படியில் ஆள் வந்தால் ஒருமுறை குரைத்துவிட்டு நேராக அம்மாவிடம் வசூலுக்குப் போகிறான்.

தனிமைப் பிரச்சினைதான் நிஜமான வேலை வாங்கியது. கதவைக் கடிக்கும் நாயைப் பற்றி நம்மிடையே இருக்கும் நினைப்பு, விட்டுப்போன கோபத்தில் பழிவாங்குகிறது என்பது. திரும்பி வந்தபோது அது தலை குனிந்து நிற்பதை வைத்துக் குற்ற உணர்ச்சி என்றும் சொல்வோம். நம் முகத்தையும் குரலையும் பார்த்துப் பயந்து நிற்கிறது, அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. பழைய போனைக் கேமராவாக வைத்துவிட்டு வெளியே போய்ப் பார்த்தோம். கோபமான நாயை எதிர்பார்த்த எங்களுக்கு, மூச்சு வாங்க நடந்துகொண்டே இருக்கும், வாயில் நுரை வழியும், வாசலை விட்டுக் கண்ணெடுக்காத ஒரு நாய்தான் தெரிந்தது. அதட்டுவதால் இது குறையாது, கூடும்.

கால்நடை மருத்துவர் சொன்ன வழி மெதுவானது, பார்க்கச் சிரிப்பாகவும் இருக்கும். சாவியை எடுப்பது, செருப்பு போடுவது, ஆனால் போகாமல் உட்கார்ந்துவிடுவது. இதையே அவன் கண்டுகொள்ளாத வரை செய்ய வேண்டும். அப்புறம் கதவைத் திறந்து மூடுவது. அப்புறம் வெளியே நின்று, அவன் பதற்றப்படுவதற்கு முன்னால் உள்ளே வருவது. நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவது, இடையில் அவன் தடுமாறினால் ஒரு படி இறங்கிவிடுவது. இந்தப் பயிற்சி நடக்கும் காலத்தில் நிஜமாகத் தனியாக விடவே கூடாது என்பதுதான் இதில் கஷ்டமான நிபந்தனை. வெளியே வேலைக்குப் போகும் தம்பதியால் அதைச் செய்ய முடியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை. அவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. திரும்பக் கொடுக்கும்போது காரணத்தை மறைக்காமல் சொன்னார்களே, அதனால்தான் அவன் எங்களுக்குச் சரியாக அமைந்தான்.

இனிமேல் அம்மாவைப் பற்றி. ஆரம்பத்தில் எதிர்த்த அம்மா கடைசியில் நாயை மடியில் வைத்துக் கொஞ்சினார் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். அப்படி நடக்கவில்லை. அம்மாவுக்கு நாய் முடி ஆகாது, நாய் வாடை ஆகாது. "உங்க ஆசைக்கு வெச்சுக்கங்க, என் ரூமுக்குள்ள வரக்கூடாது" என்றார், இன்று வரை அதுதான் ஒப்பந்தம். டைகர் அந்த வாசல் கோட்டைத் தாண்டுவதில்லை. வாசலுக்கு வெளியே படுத்திருப்பான். அம்மா உள்ளேயிருந்தபடி அவனிடம் என்னைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருப்பார். வீட்டில் ஒவ்வொருவரும் ஒரே அளவு அன்பு காட்டினால்தான் தத்தெடுக்க வேண்டும் என்றில்லை. எதிர்ப்பு என்ன அளவு, எதற்கு ஒத்துக்கொள்கிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் போதும்.

எங்களைப் பார்த்து, தெரிந்த ஒரு குடும்பம் குட்டிநாய் ஒன்றை எடுத்தது. வேறொரு காப்பகம். ஒரு வாரத்துக்குள் வாந்தி, ரத்தம் கலந்த பேதி. பார்வோ என்ற வைரஸ் நோய். நோயாளிக் குட்டியைத் தள்ளிவிட்டுவிட்டார்கள் என்று அவர்கள் கொதித்தார்கள். குட்டி பிழைக்கவில்லை. அந்தக் குழந்தைகளின் அழுகையை நினைத்தால் நியாயம் பேசவே தோன்றாது. ஆனால் பார்வோ வைரஸ் உடம்புக்குள் புகுந்து அறிகுறி காட்டச் சாதாரணமாக 3 முதல் 7 நாள் ஆகும், சிலவற்றில் இரண்டு வாரம் வரை போகும். வெளியே கொடுத்த அன்று குட்டி துள்ளி விளையாடியிருக்கும், கொடுத்தவருக்கும் தெரிந்திருக்காது. ஊசி போட்டிருந்தார்களே என்று கேட்டார்கள். தாய்ப்பால் வழியாக வந்த எதிர்ப்பொருள் குட்டியின் உடம்பில் இருக்கும் வரை தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. அந்த எதிர்ப்பொருள் எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில், 16 வார வயது தாண்டும் வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஒரு ஊசி போட்டாயிற்று என்பது பாதுகாப்பு முடிந்தது என்று ஆகாது.

அவர்கள் உடனே இன்னொரு குட்டி எடுக்க நினைத்தபோதுதான் நான் தலையிட்டேன். அந்த வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில், சூழ்நிலை தோதாக இருந்தால் ஒரு வருடம்கூட உயிர்ப்போடு இருக்கும். கை கழுவும் ஆல்கஹால் திரவம் அதை ஒன்றும் செய்யாது. முதலில் சோப்பு போட்டுக் கழுவி, பிறகு ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். மண் தரைக்கு அதுவும் முழுமையான வழி இல்லை. தடுப்பூசி முடிந்த, வளர்ந்த நாயாகப் பாருங்கள் என்றேன். குட்டியாக எடுத்தால்தான் ஒட்டும் என்றார்கள். இதை எல்லோரும் சொல்கிறார்கள். குட்டிக்கு 3-லிருந்து 14 வாரம் வரை உலகத்தைப் பழகிக்கொள்ளும் முக்கியமான பருவம் ஒன்று உண்டு என்பது உண்மைதான். ஆனால் காப்பகத்துக்கு வரும் பல குட்டிகளுக்கு அதில் பாதி ஏற்கெனவே கழிந்திருக்கும், என்ன பழகியது என்று யாருக்கும் தெரியாது. வளர்ந்த நாயிடம் எவ்வளவு பெரிதாகும், யாரைக் கண்டால் பயப்படும், குழந்தையிடம் எப்படி என்பதெல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கும். ஒட்டுவதைப் பற்றி டைகரைக் கேட்டால் தெரியும், நான் குளியலறைக்குப் போனால்கூட வாசலில் வந்து காத்திருக்கிறான்.

பூனை கதை சுருக்கமானது. காப்பகங்களின் சரித்திரத்திலேயே பூனை இரண்டாம் பட்சம்தான். லண்டனில் 1860-இல் மேரி டீல்பி தொடங்கி, பின்னால் பாட்டர்சீக்கு இடம் மாறிய புகழ்பெற்ற காப்பகம், பூனைகளைச் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்தது 1883-இல். எங்கள் காப்பகத்திலும் பூனைகள் பின்கட்டு அறையில்தான் இருந்தன. டைகரின் ஊசிக்காகப் போனபோது அக்கா தானாகக் கேட்டார். "ஒரு வெள்ளைப் பூனை ரொம்ப நாளா இருக்கு தம்பி. யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க. எஃப்ஐவி."

காது கிழிந்த, முகம் வீங்கிய மாதிரித் தோற்றமுள்ள கிழட்டு ஆண் பூனை. வெள்ளையன். எஃப்ஐவி என்றதும் ஆட்கள் எச்ஐவி என்று நினைத்து விலகுகிறார்கள். பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், 1986-இல் கண்டறியப்பட்ட வைரஸ் அது. பூனையிலிருந்து பூனைக்குத்தான் பரவும், அதுவும் பெரும்பாலும் ஆழமான கடியால். மனிதருக்கும் வராது, நாய்க்கும் வராது. இருக்கும் பூனைகளில் பல வருடக்கணக்கில் நன்றாகவே வாழ்கின்றன. வெளியே விடாமல், சின்ன நோய் வந்தாலும் சீக்கிரம் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். வேறு பூனை இல்லாத, நாய் மட்டும் உள்ள எங்கள் வீட்டைவிட அவனுக்குத் தோதான வீடு எது? எனக்கு அந்தக் கணக்கு பிடித்திருந்தது. மனைவிக்கு அந்தக் கிழிந்த காது பிடித்திருந்தது.

வெள்ளையனைத் தனி அறையில் ஒரு அட்டைப்பெட்டியோடு விட்டோம். நெதர்லாந்துக் காப்பகம் ஒன்றில் புதிதாக வந்த பூனைகளில் பாதிக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தும், மீதிக்குக் கொடுக்காமலும் பார்த்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. பெட்டி கிடைத்த பூனைகள் முதல் சில நாட்களிலேயே தெளிந்துவிட்டன. ஒளியவிட்டால் பூனை பழகாது என்று பெட்டியைப் பிடுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், நேர்மாறான வேலை. ஆனால் ஒளிந்திருக்கும் பூனை சாப்பிடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நாய் மாதிரி இல்லை, பூனை இரண்டு மூன்று நாள் சுத்தமாகச் சாப்பிடாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். வெள்ளையன் பகலெல்லாம் பட்டினி கிடந்து ராத்திரியில் தட்டைக் காலி செய்கிற ரகம். வீட்டிலிருந்த லில்லிப் பூச்சாடியை மனைவி அவன் வருவதற்கு முன்னாலேயே வெளியேற்றிவிட்டாள். ரோமத்தில் ஒட்டிய லில்லி மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் கெட்டுவிடும்.

நாய்க்கும் பூனைக்கும் நடுவில் வாரக்கணக்கில் ஒரு மூடிய கதவு இருந்தது. ஒன்றின் படுக்கைத் துணியை இன்னொன்றின் அறையில் போட்டு வாசனையை மாற்றினோம். கதவின் இரு பக்கமும் சாப்பாடு வைத்தோம். பிறகு டைகர் கயிற்றோடு, வெள்ளையன் அலமாரி உச்சியில். இன்று அவர்கள் நண்பர்கள் இல்லை. ஒருவரையொருவர் பொருட்படுத்தாத இரண்டு குடித்தனக்காரர்கள். எங்களுக்கு அது போதும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "நீங்க காப்பாத்தினீங்கன்னு அதுங்களுக்குத் தெரியும், நன்றியோட இருக்கும்" என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சில் சங்கடம் உண்டு. காப்பாற்றப்பட்ட விஷயம் டைகருக்குத் தெரியாது. தெரிந்த ஒரு ஆளையும் தெரிந்த ஒரு வாசனையையும் விட்டு ஒருநாள் பிரிக்கப்பட்டான் என்பதுதான் அவன் பக்கத்துக் கதையாக இருக்கும். நன்றியை எதிர்பார்த்து எடுத்தவர்கள்தான் செருப்பு கடிபட்ட அன்று அதிகம் உடைந்துபோகிறார்கள். அக்காவிடம் ஒருமுறை இதைச் சொன்னபோது சிரித்தார். "நன்றியெல்லாம் எதுக்கு தம்பி, நேரத்துக்குச் சாப்பிட்டா போதும்" என்றார்.

தத்தெடுக்கும் நிலையில் இல்லை, ஆனால் ஏதாவது செய்ய வேண்டும் என்பவர்களுக்கு இடைக்காலப் பராமரிப்பு என்று ஒரு வழி இருக்கிறது. நிரந்தர வீடு கிடைக்கும் வரை, அல்லது அறுவை சிகிச்சைக் காயம் ஆறும் வரை நம் வீட்டில் வைத்துக்கொள்வது. செலவைக் காப்பகம் பார்த்துக்கொள்ளுமா, நாம் பார்க்க வேண்டுமா என்பது இடத்துக்கு இடம் மாறும், முன்பே பேசிக்கொள்வது நல்லது. இதில் காப்பகத்துக்கு இடம் மிச்சம் என்பதைவிடப் பெரிய லாபம் தகவல். கூண்டில் கிடைக்காத செய்தி எல்லாம் வீட்டில் கிடைக்கும்.

இப்போது எங்களிடம் கால் முறிவு ஆறிவரும் ஒரு கறுப்புப் பெண் நாய் தற்காலிகமாக இருக்கிறது. எலும்பில் வைத்த தகட்டை எடுத்த பிறகு கூட்டிப்போக ஒரு குடும்பம் விசாரித்திருக்கிறது. அட்டையில் எழுத விவரம் வேண்டும் என்று காப்பகத்தில் கேட்டார்கள். 'அன்பான, அமைதியான நாய்' என்று எழுதினால் சீக்கிரம் போய்விடும் என்பது தெரியும். மனைவி சொல்லச் சொல்ல நான் எழுதியது இது: ராத்திரி முழுக்கத் தூங்கும். வீட்டுக்குள் அசுத்தம் செய்யாது. சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் கை போனால் உறுமும், இதுவரை கடித்ததில்லை. தலைக்கவசம் போட்டவர்களைக் கண்டால் பயம். பூனையைத் துரத்தும், ஆகவே பூனை உள்ள வீடு வேண்டாம். மழைச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் போய்விடும், இழுக்க வேண்டாம், தானாக வரும். அந்தக் குடும்பத்தில் பூனை இருக்கிறதா என்று படிவத்தைப் பார்த்துச் சொல்வதாக அக்கா சொல்லியிருக்கிறார்.